சாணிப்பவுடருக்கு மூன்று பெயர்

கோயமுத்தூர்,
ஆடி 22.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் காரணம். பின்கட்டில் நாலு ஓடு பறந்துவிட்டது. ஆள் பிடித்து மாற்றி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பாப்பா படிப்பை முடித்து தாராபுரம் பக்கம் டூட்டி டாக்டராகச் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். தங்கச்சி மாரியம்மன் நோம்பியில் ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பாளே! அவளுக்கு என்னென்ன தடிப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற காலத்தில் மெடிக்கல் காலேஜ் லைப்ரரியில் உனக்கு என்னடா வேலை?" என்று ஒரு குத்து. இரண்டுக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்று தலையணை தடிமனில் மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணை வரும். 1879-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் தலைப்பைப் பிடித்து, கட்டுரை எழுதியவருக்கு ஒரு கார்டு போட்டால், இரண்டு மாதம் கழித்து வெளிநாட்டு ஸ்டாம்போடு கட்டுரையின் பிரதி வந்து சேரும். அந்த ஸ்டாம்புகளை உனக்குத்தானே கொடுத்தேன்! பிறகு 1997-இல் அந்த அட்டவணையை நடத்திய அமெரிக்க தேசிய மருத்துவ நூலகமே, இணையத்தில் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. இன்று அதில் இருக்கிற கட்டுரைக் குறிப்புகள் 3 கோடியே 70 லட்சத்தைத் தாண்டிவிட்டன. காங்கேயத்தில் இருந்தாலும் கலிபோர்னியாவில் இருந்தாலும் ஒரே கதவுதான். காசு கிடையாது.

கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய் என்ன கேட்பது என்பதில்தான் சிக்கல்.

போன மாசி மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன். சின்ன ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர், நம்ம காலேஜில் படித்தவர். மூன்று வயசுக் குழந்தை, வாசல் தெளிக்க வைத்திருந்த மஞ்சள் சாணிப்பவுடரை வாயில் போட்டுவிட்டது. நம் அம்மாக்கள் பசுஞ்சாணி கரைத்து வாசல் வழித்தார்கள். மாடு போன வீடுகளில் இப்போது பவுடர்தானே. அதில் சாணி துளிகூடக் கிடையாது, வெறும் சாயம். அவர் செய்ய வேண்டிய முதலுதவியை எல்லாம் செய்துவிட்டுத்தான் கூப்பிட்டார். "சார், வெளிநாட்டுப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பப்மெட்டில் 'சாணி' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் ஒன்றிரண்டுதான் வருகிறது."

வராது. ஏனென்றால் அந்தப் பவுடருக்கு மூன்று பெயர். நம்ம ஊர்க் கட்டுரைகள் சிலவற்றில் 'சாணி பவுடர்', சிலவற்றில் 'கவ் டங் பவுடர்'. ரசாயனப் பெயர் மஞ்சளுக்கு ஆரமின், பச்சைக்கு மாலகைட் கிரீன். சரி, ஆரமின் என்று மட்டும் அடித்தாலோ வருவதில் பெரும்பங்கு காசநோய்க் கட்டுரைகள்! சளியில் காசநோய்க் கிருமியைப் பார்க்க அதே சாயத்தைத்தான் லேபில் போடுகிறார்கள். ஆகவே எல்லாப் பெயரையும், ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்கிற 'ஆர்' (OR) போட்டு ஓர் அடைப்புக்குள் கோத்து, வெளியே இதுவும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிற 'அண்ட்' (AND) போட்டு, விஷம் ஏறியதைக் குறிக்கும் 'பாய்சனிங்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்ததும் நம் கொங்கு நாட்டு டாக்டர்களே எழுதிய கட்டுரைகள் மேலே வந்துவிட்டன. தனி விஷமுறிவு மருந்து என்று ஒன்று இல்லை, வருகிற உபாதையைக் கவனித்துக் கவனித்துச் சமாளிக்க வேண்டியதுதான் என்பது அவற்றின் சாரம். குழந்தை ஆறாம் நாள் வீட்டுக்குப் போனது. பிழைக்க வைத்தது அந்த டாக்டர், நானல்ல. ஆனால் "இல்லாத முறிவு மருந்தைத் தேடி ஓடாமல் இருந்தேன் சார்" என்று அவர் சொன்னது எனக்குப் போதும்.

இதை நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தேன், மாப்பிள்ளை. புரொஜெக்டர் வைத்து, ஒரு மணி நேரம். முன்வரிசை குறிப்பெடுக்கும், பின்வரிசை தூங்கும், அடுத்த வாரம் இருவருக்கும் ஒன்றுமே நினைவிருக்காது. இப்போது வகுப்பை விட்டுவிட்டேன். வார்டுக்குப் போய், ரவுண்ட்ஸ் முடிகிற நேரம் கேண்டீனில் உட்கார்ந்துகொள்கிறேன். "இன்னைக்கு எந்தப் பேஷண்ட் உன்னைக் குழப்பினார்?" என்று கேட்டால் போதும். அவரவர் சந்தேகத்தை அவரவர் போனிலேயே தேடவிட்டால் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்கிறார்கள். இருபது வருஷம் சீனியரான சர்ஜன்கூடக் கூச்சத்தை விட்டு அங்கேதான் கேட்கிறார், வகுப்பறையில் கேட்கமாட்டார்.

இன்னொரு முட்டுக்கட்டை காசு. கட்டுரையின் சுருக்கத்தை யாரும் சும்மா படிக்கலாம், முழுக் கட்டுரையைத் திறந்தால் டாலரில் விலை கேட்கும். அங்கேதான் பலரும் போனை மூடிவிடுகிறார்கள். பப்மெட்டிலேயே 'இலவச முழுக் கட்டுரை' என்று ஒரு வடிகட்டி இருப்பது பாதிப்பேருக்குத் தெரியாது. முழுக் கட்டுரைகளை வைத்திருக்கும் அதன் கூட்டாளித் தளமான பப்மெட் சென்ட்ரலில் மட்டும் ஒரு கோடிக் கட்டுரையாவது முழுசாகவே கிடைக்கும். அரசு நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று, ஆராய்ச்சி இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிற திட்டம் வந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல காரியம்தான், ஆனால் பாப்பா மாதிரித் தனியார் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு அது எட்டாது. அவர்கள்தானே மூத்த டாக்டர் பக்கத்தில் இல்லாமல் ராத்திரியில் தனியாக நிற்பவர்கள்? இதில் எனக்குக் கோபமே உண்டு.

அப்புறம், இந்தக் காலத்துப் புதுத் தலைவலி ஒன்று. கேட்டதும் பதில் சொல்கிற ஏஐ. போன மாதம் ஒரு பையன் அது எழுதிக் கொடுத்த பன்னிரண்டு மேற்கோள்களோடு வந்தான். இதழ் பெயர் சரி, வருஷம் சரி, பக்க எண்கூட இருக்கிறது. தேடிப் பார்த்தால் அதில் ஐந்து கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை! திட்டவில்லை. ஒவ்வொரு தலைப்பையும் பப்மெட்டில் அவனையே ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவதிலேயே முகம் சுருங்கிவிட்டது.

ஆகவே தடிப் புத்தகம் வாங்கிக் காசைக் கரைக்காதே. மருந்துக்கும் அவசர சிகிச்சைக்கும் ஒவ்வொன்று போதும், எதுவென்று அவளிடமே சொல்கிறேன். வருகிற ஞாயிறோ அடுத்ததோ பாப்பாவை இங்கே அனுப்பு. வரும்போது அவளை உண்மையிலேயே தூங்கவிடாமல் செய்த ஒரு நோயாளியின் கதையை மட்டும் எடுத்து வரட்டும், பெயர் வேண்டாம். உன் தங்கச்சி அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி வைப்பாள்.

நீயும் வந்தால் ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் ஆச்சு. இன்னும் இரண்டு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் மச்சான்