எந்த ஆண்டின் செவ்வாய்?

அன்புள்ள மகளுக்கு,

செவ்வாயில் தனியே விடப்பட்ட ஒருவன் பிழைக்கும் கதையான ஆண்டி வியரின் 'தி மார்ஷியன்' படித்த சூட்டோடு, செவ்வாய்க் குடியேற்றத்தைப் பற்றிய ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி சாண்ட்ஸ் ஆஃப் மார்ஸ்' எடுத்தாய் என்றும், அறிவியல் முழுக்கத் தப்பு என்று பாதியில் வைத்துவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். வைக்காதே கண்ணு. முதலில் ஆண்டைப் பார். அது 1951இல் வந்தது.

செவ்வாயில் காற்றழுத்தம் சுமார் 85 மில்லிபார் (பூமியில் ஏறக்குறைய 1,000) என்றுதான் அன்றைய வானியலாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். அதனால்தான் கிளார்க்கின் ஆட்கள் மூச்சுக்கவசம் மட்டும் போட்டுக்கொண்டு வெளியே நடக்கிறார்கள், அங்கே செடியும் முளைக்கிறது. 1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் கடந்து போனபோது உண்மை அழுத்தம் 4 முதல் 7 மில்லிபார்தான் என்று தெரிந்தது. 63 மில்லிபாருக்குக் கீழே இறங்கினாலே உடல் சூட்டில் நீர் கொதித்துவிடும். அழுத்த உடை இல்லாமல் நிற்க முடியாது. செவ்வாயில் மலையே இல்லை என்று வரும் வரியும் அப்படித்தான். சுமார் 22 கி.மீ. உயர ஒலிம்பஸ் மான்ஸ் மலையை மரைனர் 9 காட்டியது 1971இல்.

இப்போது வியரின் புயலுக்கு வா. மணிக்கு 175 கி.மீ. காற்று, செவ்வாயிலிருந்து கிளம்ப வைத்திருக்கும் ஏறுகலமே சாயும் நிலை. காற்றின் தள்ளுவிசை அதன் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. செவ்வாய்க் காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறக்குறைய 60இல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் அது இங்கே 23 கி.மீ. வேகக் காற்றுக்குச் சமம். கொடியில் காயும் வேட்டி படபடக்கும், அவ்வளவுதான். கதைக்காகத் தெரிந்தே வைத்ததாக வியரே சொல்லியிருக்கிறார். அறியாமல் வந்த பிழையையும் அறிந்து எடுத்த சலுகையையும் ஒரே தராசில் போடாதே.

வியரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹைட்ரசீன் என்ற ராக்கெட் எரிபொருளை இரிடியம் வினையூக்கியில் விட்டு ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரித்துத் தண்ணீர் எடுக்கும் பகுதியை நிதானமாகப் படி. எரியாத ஹைட்ரஜன் கூடாரத்தில் தேங்குகிறது. நாயகன் தான் வெளிவிடும் மூச்சிலும் ஆக்சிஜன் உண்டு என்பதைக் கணக்கில் விட்டதால் வெடிக்கிறது. இந்த அளவு கைவேலை நுணுக்கம் கிளார்க்கிடம் இல்லை. ஆனால் 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாய் மண்ணில் கண்ட பெர்க்ளோரேட் என்ற நச்சு உப்பை, நாயகன் அந்த மண்ணில் வளர்க்கும் உருளைக்கிழங்கு கண்டுகொள்ளவே இல்லை. அதையும் குறித்துக்கொள்.

கிளார்க்கிடம் இருப்பது ஒரு சமூகம். குடியேற்றத்துக்கு இன்னும் எவ்வளவு செலவழிப்பது என்று பூமி முணுமுணுக்கிறது. செவ்வாய்க்காரர்களோ செவ்வாயின் நிலவான போபாஸை இரண்டாம் சூரியனாக்க இரகசியமாக வேலை செய்கிறார்கள். வியரின் தனிமனிதனுக்கு இந்தக் கேள்விகளே எழுவதில்லை. என் மனம் பழையதன் பக்கம் சாய்வது இதனால்தான்.

இரண்டுக்கும் நடுவில் கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'ரெட் மார்ஸ்' (1992) படி. வைக்கிங் கலங்கள் 1976இல் அனுப்பிய தரவுகளுக்குப் பின் எழுதியது. குடியேற்ற அரசியலும் உண்டு, அளவுகளும் உண்டு. மெதுவாகத்தான் நகரும், பொறுத்துக்கொள். அதிலும் போபாஸுக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. கிளார்க்கின் போபாஸோடு ஒப்பிட்டு, எது உனக்கு நம்பும்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அப்பா