மானியம் வர்றதுக்கு முன்னாடி காசு போட்டவங்களுக்கு

காபி பழத்த உரிச்சு காயவைக்க வட்டி இல்லாம காசு குடுத்து உதவுன எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏற்காடு தாண்டி நாகலூர் போற பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருந்து எழுதுறேன். எங்க மகளிர் குழுல கணக்கு எழுதுறவ நான் தான், பதினாலு பேரும் சேந்து "நீ தான டிகிரி படிச்சவ, நீயே எழுது கண்ணு"ன்னு சொல்லிட்டாங்க, அதனால தப்பு இருந்தா என்னோடது, நன்றி மட்டும் எல்லாரோடதும்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த. நாங்க மலையாளி பழங்குடி. எந்த ஆபீஸ்ல இந்தப் பேர சொன்னாலும் "கேரளாவாம்மா?"ன்னு கேப்பாங்க, தமிழ்நாட்டுல 37 பழங்குடில எண்ணிக்கைல பெருசே நாங்க தான், பேசுறதும் தமிழ் தான், இத சொல்லி சொல்லியே எனக்கு பாதி வயசு போச்சு. ஆளாளுக்கு ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ, சில்வர் ஓக் மரம், அதுல ஏத்திவிட்ட மிளகு, கீழ காபி. நவம்பர் கடைசில பழம் செவக்கும், ஆனா அது செவக்குறதுக்கு முன்னாடியே வித்துப் போயிருக்கும், ஏன்னா ஜூன் மாசமே ஸ்கூல் ஃபீஸுக்குன்னு வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருப்போம், அப்பறம் அவர் சொல்ற ரேட்டு தான், அவர் தராசு தான்.

உதவின்னு இதுக்கு முன்னாடியும் வந்திருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஒரு தடவ தையல் ட்ரெயினிங், நாப்பத்தஞ்சு நாள், எல்லாருக்கும் சர்ட்டிஃபிகேட், குரூப் போட்டோ. மிஷின் மட்டும் வரல. அறுபது வீட்டு ஊர்ல எத்தன ஜாக்கெட் தைக்க முடியும்? மூணு பொண்ணுங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்கு கெளம்பிப் போச்சுங்க, என் சர்ட்டிஃபிகேட் சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குது.

காபி போர்டுல இருந்து ரிட்டையர் ஆன சார் தான் மொதல்ல வேற மாதிரி பேசுனாரு. பழமா ஏன்மா விக்குறீங்க, பல்பர் மிஷின்ல போட்டு தோல உரிச்சு, ராத்திரி தொட்டில வச்சு, கொழகொழப்பு போக கழுவி காயவச்சா பார்ச்மென்ட்னு சொல்ற காஞ்ச கொட்டை, அத ரேட் பாத்து விக்கலாம், கெட்டுப்போகாது, அவசரம் இல்லன்னாரு. அஞ்சு கிலோ பழத்துக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ தான் வரும்னு கேட்டதும் எங்கம்மா எந்திரிச்சே போயிட்டாங்க, அவங்கள திரும்ப உக்கார வைக்க சாருக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

சரி, பல்பர், தொட்டி, காயவைக்க களம், எல்லாம் சேத்து 2,40,000. மானியம் உண்டு. ஆனா எப்ப? வேலைய முடிச்சு, பில்லு வச்சு, அவங்க வந்து பாத்துட்டுப் போன பிறகு. பழங்குடி மக்களுக்கு தொல்குடி திட்டம், நாலு வருஷத்துல 1,000 கோடின்னு 2024 பட்ஜெட்ல அறிவிச்சாங்க, சந்தோஷம் தான், ஆனா முன்னாடி போட கைல காசு இல்லாதவங்களுக்கு பின்னாடி வர்ற மானியம் எட்டாத பலாப்பழம் மாதிரி. எங்க குழு சேமிப்பு 65,000. எங்கள்ல பாதிப் பேர் நெலம் 2006 வன உரிமைச் சட்டத்துல வந்த பட்டா, அத விக்க முடியாது, வாரிசுக்கு மட்டும் தான் போகும். அதுவும் நல்லதுக்கு தான், இல்லன்னா என்னைக்கோ ரிசார்ட்காரங்க கைக்குப் போயிருக்கும். ஆனா அடமானம்னு போனா ஒரு பேங்க்ல பேப்பர தொடக்கூட இல்ல, குழுக் கடன் வேற ஏற்கனவே ஓடிட்டு இருந்துது.

அந்த நடுவுல இருந்த 1,75,000 தான் நீங்க. சேலம் டவுன்ல இருந்து பதினோரு பேர், வட்டி இல்ல, பத்திரம் இல்ல. செவ்வாய்பேட்டைல கொலுசுப் பட்டற வச்சிருக்க அண்ணா 1,500 குடுத்துட்டு "கம்மியா இருக்கு, மன்னிச்சுக்கம்மா"ன்னாரு. அண்ணா, உங்க பட்டறைல அந்த மாசம் வேலையே இல்லன்னு உங்க வீட்டு அக்கா எங்கிட்ட சொன்னாங்க. உங்க பேர் தான் என் நோட்டுல மொத வரி.

ஃபார்ம மூணு தடவ திருப்பி எழுதிக்குடுத்த மகளிர் திட்ட மேடம், உங்களுக்கு. கழுவுறதுக்கு அவர் கெணத்துத் தண்ணிய விட்ட பக்கத்துத் தோட்டத்து பெரியப்பாவுக்கு. அடிவாரத்துல இருந்து இருவது கொண்டை ஊசி வளைவும் பல்பர கயித்துல கட்டி ஏத்திட்டு வந்த பிக்கப் தம்பிக்கு, வாடகை வாங்கல, சோறு மட்டும் ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டான்.

டிசம்பர்ல ஒரு சாயங்காலம் சொல்லணும். மொத தடவ கழுவுன காபி களத்துல நாலாவது நாள் காயுது, மூணரை மணிக்கே மூடுபனி எறங்கிடுச்சு, பக்கத்துல நிக்குற ஆளே தெரியல, பனி ஏறுனா பூசணம் புடிச்சுடும், எங்ககிட்ட இருந்தது ரெண்டு பழைய சாக்குப் படுதா. அன்னைக்கு பாத்து மேல வந்திருந்த ஸ்டீல் பிளான்ட் மாமா அவர் வண்டி மேல போட்டிருந்த நீலத் தார்ப்பாய உருவிட்டு வந்து, அவரே முட்டி போட்டு நாலு மூலைக்கும் கல்லு வச்சாரு. எட்டு நாள் கழிச்சு சார் சொன்ன மாதிரி ஒரு கொட்டைய எங்கம்மா பல்லுல கடிச்சுப் பாத்தாங்க. டக்குன்னு சத்தம். "காஞ்சிருச்சு"ன்னு சொல்லிட்டு அத துப்பாம மடில முடிஞ்சுக்கிட்டாங்க, ஏன்னு கேக்கல.

மானியம் பிப்ரவரி கடைசில வந்துச்சு, மீதிய காபி வித்து ஏப்ரல்ல போட்டோம், பதினோரு பேருக்கும் போய் சேந்திருக்கும், வரலன்னா கூச்சப்படாம சொல்லுங்க. இந்த ஜூன்ல பதினாலு பேர்ல ஒம்போது பேர் முன்பணம் வாங்கல. மீதி அஞ்சு பேர் வாங்குனாங்க, அதையும் மறைக்க வேணாம்னு தோணுது, ஆஸ்பத்திரி செலவு சொல்லிட்டா வருது.

மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் குடும்பத்தோட வாங்க, எங்க காபி தான் போடுவோம். மாமா, உங்க தார்ப்பாய் இன்னும் எங்ககிட்ட தான் இருக்கு. ஒரு ஓரம் கிழிஞ்சுது, தைச்சு வச்சிருக்கேன், அந்த ட்ரெயினிங் அதுக்காவது ஆச்சு. இந்த சீசன் முடியட்டும், கொண்டு வந்து தர்றேன்.