தோட்டத்துக்கென்று விற்ற வண்டிக்குத் தோட்டத்தில் ஓட்டியதால் உத்தரவாதம் இல்லையா?

சுங்கை சிப்புட், பேராக்
3 டிசம்பர் 2025

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: 2025 பிப்ரவரியில் வாங்கிய புதிய டீசல் பிக்கப்பில் புகை வடிகட்டி அடைப்பு, எஞ்சின் எண்ணெயில் டீசல் கலப்பு, பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சில் குறை

ஐயா / அம்மா, வணக்கம்.

நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டையும் மலாயில் மின்னஞ்சலாக அனுப்பினேன். இரண்டுக்கும் ஒரே மூன்று வரிப் பதில் வந்தது. வண்டியைப் பயன்படுத்திய முறையால் வந்த கோளாறு, உத்தரவாதத்தில் சேராது, மேல் விவரத்துக்குச் சர்வீஸ் நிலையத்தை அணுகவும். அவ்வளவுதான். இந்த முறை தமிழில் எழுதுகிறேன். உங்கள் விளம்பரத் தாள் எங்கள் ஊர்ச் சந்தையில் தமிழில்தான் என் கைக்கு வந்தது. உங்கள் விற்பனையாளரும் தமிழில் பேசித்தான் விற்றார். ஆகவே தமிழ் படிப்பவர் உங்களிடம் இருப்பார் என்று நம்புகிறேன். மலாய் மொழிபெயர்ப்பையும் கூடவே வைத்திருக்கிறேன்.

எங்களுக்கு ஊருக்கு வெளியே ஆறு ஏக்கர் செம்பனை. என் மாமனார் தோட்டத்தில் பால்மரம் சீவிச் சேர்த்த காசில் வாங்கிய நிலம். நானும் என் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை குலை வெட்டுவோம். பதினாறு வருடம் ஓடிய பழைய வண்டி இனி தாங்காது என்று தெரிந்த பிறகுதான் புதியது வாங்கத் துணிந்தோம். விலை 118,000 ரிங்கிட். முன்பணம் 11,800 கட்டினோம். மீதிக்கு ஒன்பது வருடக் கடன், மாதம் 1,249. கடன் என் பெயரில், வண்டியும் என் பெயரில். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சர்வீஸ் நிலையத்திலிருந்து வந்த ஒவ்வொரு அழைப்பிலும் "சார் இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். வண்டியைப் பற்றிப் பேச வேண்டிய ஆள் நான்தான். அடுத்த முறை என்னிடமே பேசுங்கள்.

வண்டி எதற்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்து நிலம் ஆறு கிலோமீட்டர், அதில் நான்கு கிலோமீட்டர் செம்மண் சடக்கு. நிலத்துக்குள் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். குலை ஏற்றும்போது வண்டி நின்று நின்று நகரும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து பழம் வாங்கும் நிலையம் மூன்று கிலோமீட்டர். இதையெல்லாம் கேட்டுவிட்டு உங்கள் விற்பனையாளர், "அக்கா, கவலையே படாதீங்க. இது தோட்டத்துக்குன்னே செஞ்ச காடி" என்றார். புக்கிங் பாரத்தில் பயன்பாடு என்ற கட்டத்தில் 'லாடாங் சாவிட்', அதாவது செம்பனைத் தோட்டம், என்று அவர் கைப்பட எழுதினார். நகல் இணைத்திருக்கிறேன். புகை வடிகட்டி என்று ஒன்று இருப்பதையோ, அது மெதுவாகக் குறைந்த தூரம் ஓடும் வண்டிக்கு ஒத்துவராது என்பதையோ அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வேறு வண்டி பார்த்திருப்பேன்.

தைப்பூசம் முடிந்த மறு வாரம் வண்டி வந்தது. கோயிலில் பூசை போட்டு, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஜூனில், 3,900 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஈப்போவில் உள்ள உங்கள் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரைச் செருகி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே முக்கால் மணி நேரம் எஞ்சினை உறும விட்டு உள்ளே இருந்த கரியை எரித்தார்கள். 380 ரிங்கிட் வாங்கினார்கள். புது வண்டிக்கு ஏன் காசு என்று கேட்டதற்கு, "ஹைவேயில் ஓட்டுங்க, சரியாயிடும்" என்ற பதில்தான்.

என்ன கோளாறு என்று எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் ஊர் மெக்கானிக்தான். புகைக்குழாயில் தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி இருக்கிறது. டீசல் எரிந்து வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. சூடேற்றுவதற்காக எஞ்சின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீச்சும். சடக்கில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் போனால் வேலை முடிந்துவிடும். எங்கள் வண்டி மண் சடக்கில் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. எரிப்பு பாதியிலேயே அறுந்து போகிறது. எரியாத டீசல் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது.

ஆகஸ்டில் அதை என் கண்ணாலேயே பார்த்தேன். மெக்கானிக் எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். எண்ணெய் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. எண்ணெய் குறையும் என்றுதான் நமக்குத் தெரியும், கூடி நான் பார்த்ததில்லை. ஒரு சொட்டை இரண்டு விரலால் தேய்த்தார். நல்ல எண்ணெய் வழுவழுவென்று விரலில் நிற்கும். இது தண்ணீர் மாதிரி உள்ளங்கைக்கு ஓடியது. மூக்கருகே கொண்டுபோனேன், டீசல் வாடை. இதை வைத்து ஓட்டினால் பேரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும் என்றார். உங்கள் நிலையத்தில் எண்ணெயை மாற்றி 460 ரிங்கிட் பில் போட்டார்கள். எண்ணெயில் டீசல் கலந்திருந்தது என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். தரவில்லை.

அப்புறம் உங்கள் ஆள் சொன்னபடியே செய்தேன். ஞாயிறுதோறும் கோலகங்சார் போய் நெடுஞ்சாலையில் ஏறி, ஈப்போவில் இறங்கி, பழைய சடக்கில் வீடு திரும்பினேன். ஒவ்வொரு முறையும் எண்பது கிலோமீட்டருக்கு மேல். குலை ஏற்றாமல், வேறு வேலையும் இல்லாமல், கரியை எரிப்பதற்காக மட்டும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியதிலிருந்து, சிறுதோட்டக்காரர்கள் நாங்கள் ஒவ்வொரு லிட்டரையும் எண்ணித்தான் ஊற்றுகிறோம். எரித்த டீசலுக்கும் கட்டிய டோலுக்கும் நான் இங்கே காசு கேட்கவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு நடந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிறுதான், செப்டம்பர் 14. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் வண்டி சக்தி இழந்தது. மிதியை அடிவரை அழுத்தினாலும் வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்தது. பின்னால் சிமெண்டு லோரிகள். பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஹாரன் சத்தம் காதைப் பிளக்க, எப்படியோ ஓரத் தடத்துக்கு ஒதுங்கினேன். ரோந்துப் பணியாளர் வந்து கூம்புகள் வைத்து, இழுவை வண்டி வரும் வரை கூடவே நின்றார். அவருக்கு நன்றிக்கடன்பட்டிருக்கிறேன். காலியாகப் போன வண்டி அது, ஐயா. பின்னால் ஒரு குலைகூட இல்லை.

வண்டி பதினெட்டு நாள் உங்கள் நிலையத்தில் கிடந்தது. அதற்குள் இரண்டு வெட்டு வந்துவிட்டது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டும். நேரமானால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். இரண்டு முறையும் லோரி வாடகைக்கு எடுத்தேன், ஒரு நடைக்கு 220 ரிங்கிட். இரண்டாவது முறை லோரி மறுநாள் மாலைதான் வந்தது. உதிர்ந்த பழம் கித்தான் மேல் கறுத்துக் கிடந்ததை நான்தான் உட்கார்ந்து பொறுக்கினேன். அந்த நட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பதினெட்டாம் நாள் மறுபடி கரியை எரித்துவிட்டு இன்னொரு 380 வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார்கள். வடிகட்டியையே மாற்ற வேண்டும், 8,740 ரிங்கிட் ஆகும், அதை நான்தான் கட்ட வேண்டும் என்றார்கள். ஐந்து வருடமோ 150,000 கிலோமீட்டரோ உத்தரவாதம் உள்ள வண்டி, அன்று 6,200 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இதை எழுதும் இன்றைக்கு 7,600. போன வாரம் அதே மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது.

நிலையத்தில் சொன்ன காரணங்கள் நாளுக்கு ஒன்று. பாரம் அதிகம் என்றார்கள். பழம் வாங்கும் நிலையத்தின் நிறுவைச் சீட்டுகள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. 870, 910, 885 கிலோ, இப்படித்தான் இருக்கும். நீங்கள் அனுமதித்த ஒரு டன்னை ஒரு முறைகூடத் தாண்டவில்லை. டீசல் சரியில்லை என்றார்கள். எங்கள் ஊர் பெட்ரோல் நிலையத்தில் ஊற்றுவது கந்தகம் குறைந்த யூரோ 5 டீசல். 2021 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க அதுதான். 10 விழுக்காடு செம்பனை எண்ணெய் டீசல் கலப்பதும் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. இந்த நாட்டில் விற்கும் வண்டி இந்த நாட்டு டீசலில் ஓட வேண்டும். கடைசியில் சொன்னதுதான் என்னால் ஏற்கவே முடியாதது: "குறைந்த தூரம், குறைந்த வேகம், எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி வைத்தல்." இந்த மூன்றையும் நான் வாங்குவதற்கு முன்பே உங்களிடம் சொன்னேன். நீங்களே எழுதியும் வைத்தீர்கள்.

பெயிண்ட் விஷயமும் இருக்கிறது. "செம்மண்ணுக்கு இது கட்டாயம் வேணும் அக்கா" என்று சொல்லி 2,600 ரிங்கிட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சை விற்றார்கள். பூசிய அன்று மாலையே வண்டியைக் கையில் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் மழை. அந்தப் பூச்சு ஒரு நாளாவது ஈரம் படாமல் காய வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். காலை வெயிலில் வலப்பக்கக் கதவைத் தடவினால் உள்ளே ரவை சிதறின மாதிரி நெருடுகிறது. தூசியைச் சரியாக எடுக்காமல் மேலே பூசியிருக்கிறார்கள். பின் சக்கரத்துக்கு மேல் வளைவில் கல் தெறித்து மூன்று இடத்தில் பெயிண்ட் போய், தகரத்தில் துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எலியைக் கட்டுப்படுத்தச் செம்பனைத் தோட்டங்களில் ஆந்தைக் கூடு வைப்பது எல்லாருக்கும் தெரியும். அந்த எச்சம் பட்டு பானெட்டில் ஐம்பது சென் காசு அளவுக்குப் பெயிண்ட் அரித்திருக்கிறது. அன்றைக்கே கழுவியும் போகவில்லை. பூச்சின் உத்தரவாத நூலில் பொடி எழுத்தில் கல் தெறிப்பு, பறவை எச்சம், மரப்பால் எதுவும் சேராது என்று போட்டிருக்கிறது. தோட்டத்தில் ஓடும் வண்டிக்கு வேறு எதிலிருந்து பாதுகாப்பு?

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வாங்குபவர் இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 33. நான் சொன்னதற்கு உங்கள் புக்கிங் பாரமே சாட்சி.

நான் கேட்பது இதுதான். புகை வடிகட்டியை உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுங்கள். எண்ணெயில் டீசல் கலந்ததால் எஞ்சினுக்குள் தேய்மானம் உண்டா என்று சோதித்து, முடிவை எழுத்தில் கொடுங்கள். இதே பாதையில் ஓட்டும்போது மறுபடி அடைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதித் தாருங்கள். என்னிடம் வாங்கிய 1,220 ரிங்கிட், லோரி வாடகை 440, பூச்சுக்குக் கட்டிய 2,600, மொத்தம் 4,260 ரிங்கிட்டைத் திருப்பித் தாருங்கள். துரு பிடித்த மூன்று இடத்தையும் சரிசெய்யுங்கள். அதோடு, என்னைப் போல் தோட்டத்துக்காக வாங்க வருகிறவர்களிடம் இந்த வடிகட்டியைப் பற்றிக் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் உங்கள் விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் விசாரித்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

பதினான்கு வேலை நாளுக்குள் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நானே பேசலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். பாரத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன்.

வண்டியைப் பார்க்க ஆள் அனுப்புவதானால் இம்மாதம் 9, 10 தேதிகளைத் தவிர்த்து எந்த நாளும் வரலாம். அந்த இரண்டு நாளும் குலை வெட்டு. வருகிறவர் தயவுசெய்து என்னோடு நிலத்துக்கு ஒரு நடை வண்டியில் வரட்டும்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்
(பெயர், அடையாளக் கார்டு எண், வண்டி எண் தனித் தாளில்)

இணைப்பு: புக்கிங் பாரம், மூன்று பில்கள், வடிகட்டி விலைச் சீட்டு, நிறுவைச் சீட்டுகள், லோரி ரசீதுகள், எண்ணெய்க் குச்சி, கதவு, பானெட், சக்கர வளைவின் படங்கள்.