பழைய புல்லட்டின் ஐடிலிங் கோளாறு: வேண்டாத வேலைக்குப் பணம் வாங்கியது குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: 1988 மாடல் 350 சிசி புல்லட்டின் கோளாறைக் கண்டுபிடிக்காமலே இன்ஜினைப் பிரித்தது, ஒரிஜினல் கார்புரேட்டரைத் திருப்பித் தராதது.

ஐயா,

வணக்கம். தங்கள் மதுரை பணிமனையில் என் புல்லட்டை வேலைக்கு விட்டிருந்தேன். என் அப்பச்சி புதிதாக எடுத்த வண்டி. திருவொற்றியூர் தயாரிப்பு, வார்ப்பிரும்பு இன்ஜின், தீப்பொறிக்குப் பாயிண்ட் செட். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் என் குறையை நான் சொல்லச் சொல்ல உங்கள் ஊழியர் எழுதிக்கொண்டார்: சூடானதும் ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் கொடுக்காத ஐடிலிங்கில்) அணையாமல் நிற்கவில்லை, ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்கவில்லை, சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. வேறு எந்தக் குறையும் நான் சொல்லவில்லை. வண்டி ஆயில் குடிக்கவில்லை, இழுவையும் குறையவில்லை.

திரும்பி வந்த பில்லில் புது கார்புரேட்டர், பிஸ்டன் ரிங், வால்வு கிரைண்டிங், இக்னிஷன் காயில், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடி வந்து, கல்லுக்கட்டி நெரிசலில் ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் முதலில் தானாக ரேஸ் ஆகி, அடுத்த நொடி தடுமாறி நின்றுவிட்டது. வண்டியை உங்களிடம் விட்டபோது இருந்த அதே குறை, இம்மியும் மாறவில்லை.

தொலைபேசியில் உங்கள் ஆள் சொன்ன பதில் இரண்டு. "சார், பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்கும்" என்பது ஒன்று. "ரோட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் டெலிவரி கொடுத்தோம், அறுபதில் அருமையா போகுது" என்பது மற்றொன்று. முதல் பதிலை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முறையாக செட்டிங் செய்த வார்ப்பிரும்பு புல்லட் ஸ்லோவில் எவ்வளவு நிதானமாக நிற்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இரண்டாவது பதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பட்டறைக்காரரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, வால்வு இடைவெளியைப் பார்க்க டேப்பட் மூடியைத் திறந்தார். புஷ் ராடு விரலால் சுற்றுகிறது, மேலும் கீழும் ஆடவில்லை, டேப்பட் சரி. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார், அதுவும் சரி. பிளக்கைக் கழற்றினால், நீங்கள் மாட்டிய புது பிளக்கின் முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகம் என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, சூடானதும், காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்தார். தடுமாறிய இன்ஜின் சீராகிவிட்டது. சோக்கை விட்டார், மறுபடி தடுமாறியது. ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினார், வெளியே திருகினார். சத்தத்தில் மாற்றமே இல்லை. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருந்தாலும் இப்படி ஆகும் என்று அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். துளை சுத்தமாக இருந்தது. "அண்ணே, கார்புரேட்டர் வழியா இல்லாம வேற எங்கேயோ ஏர் இழுக்குதுண்ணே" என்றார்.

கடைசியாகச் செய்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. ஆயில் கேனை எடுத்து, கார்புரேட்டரும் இன்ஜின் ஹெட்டும் சேரும் இடத்தைச் சுற்றி சொட்டுச் சொட்டாக இன்ஜின் ஆயில் விட்டார். மேல் பக்கம் விட்டபோது ஒன்றும் இல்லை. அடிப்பக்கம் விட்டதும் ஆயில் வழியாமல் உள்ளே இழுபட்டது. எகிறிக்கொண்டிருந்த ஐடிலிங் அடங்கி நிதானமானது. கொஞ்ச நேரத்தில் சைலன்சரில் நீலப் புகை வந்தது. ஆயில் தீர்ந்ததும் மறுபடி பழைய தடுமாற்றம். நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்புரேட்டரைக் கழற்றினோம். நடுவில் இருக்கும் வெப்பம் தடுக்கும் ஃபைபர் பேக்கிங்கின் அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல். ரப்பர் ஓ-ரிங் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் காய்ந்திருந்தது. இரண்டும் பழையவை. கார்புரேட்டரையே புதிதாக மாற்றிய உங்கள் பணிமனை, அதன் பின்னால் இருந்த பேக்கிங்கை மாற்றாமல் அப்படியே திரும்ப வைத்து மாட்டியிருக்கிறது. போதாததற்கு, கசிவை அடைக்க நினைத்தோ என்னவோ, இரண்டு நட்டையும் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடியின் மேல் எமரி பேப்பரை விரித்து கார்புரேட்டரின் முகத்தைத் தேய்த்துப் பார்த்தபோது நட்டு உட்காரும் இரண்டு காதுகள் மட்டும் பளபளத்தன, துளையைச் சுற்றி மங்கலாகவே இருந்தது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. புதுப் பொருளையும் வளைத்துவிட்டீர்கள்.

உங்கள் ரோடு டெஸ்டில் இது ஏன் தெரியவில்லை? ஆக்சிலேட்டரை மூடியிருக்கும்போதுதான் கார்புரேட்டருக்கும் வால்வுக்கும் இடையில் உறிஞ்சும் விசை மிக அதிகம். அந்த நேரத்தில் இன்ஜினுக்குள் போகும் காற்றோ மிகக் கொஞ்சம். அதில் விரிசல் வழியே நுழையும் திருட்டுக் காற்று பெரிய பங்கு, கலவை கெட்டுவிடுகிறது. அறுபதில் போகும்போது கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு திறந்திருக்கும், காற்று ஏராளமாகப் போகும், அந்த விரிசல் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே அறுபதில் ஓட்டிப் பார்த்து ஐடிலிங் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டது சோதனையே அல்ல. வண்டியைச் சூடாக்கி ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது கெடுக்கும், கலவையையும் சற்று மெலிதாக்கும். பழைய வண்டிகளை எடுத்துச் செய்யும் நிறுவனம் பேக்கிங்கையும் ஓ-ரிங்கையும்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புது பேக்கிங், புது ஓ-ரிங், முகத்தைச் சமமாக்கிய கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 350 ரூபாய். வண்டி இப்போது ஸ்லோவில் நிற்கிறது.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது கழற்றிய கார்புரேட்டர். அது வண்டியோடு வந்த மிக்கார்ப். அதில் ஒரு கோளாறும் இருந்ததாக உங்கள் ஜாப் கார்டில் எழுதப்படவில்லை. மாற்ற என்னிடம் அனுமதி கேட்கவில்லை, கழற்றியதைத் தரவும் இல்லை. கேட்டால் "பழைய சாமான் எல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடும் சார்" என்கிறார்கள். அது என் பொருள். எங்கள் வீட்டில் அப்பச்சி வைத்துவிட்டுப் போன பில், ஆர்சி புத்தகம், முதல் சாவி எல்லாம் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கார்புரேட்டர் வண்டியில் இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, என் பழைய கார்புரேட்டரைத் தேடி எடுத்து என் முகவரிக்கு அனுப்புங்கள். விற்றுவிட்டீர்கள் என்றால் எப்போது, யாரிடம் என்று எழுத்தில் தெரிவியுங்கள். ரிங், வால்வு, காயில் வேலைகளுக்கு என்ன காரணம் என்று அளவுகளோடு விளக்குங்கள். கம்ப்ரஷன் பார்த்த குறிப்பு இருந்தால் அதையும் அனுப்புங்கள். விளக்க முடியாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வளைந்த கார்புரேட்டரை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், என் ஒரிஜினல் கைக்கு வந்த பிறகு.

பில் நகல், ஜாப் கார்டு நகல், விரிசல் விட்ட பேக்கிங்கின் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பேக்கிங்கை என்னிடமே வைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் கடிதமாக அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர்.