பக்கவாதம் வந்த நேரத்தில் நாக்குக்கடியில் பிபி மாத்திரை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. கருவியை வைத்துப் பார்த்தால் பிபி 200/110. உடனே கையிலிருக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பதும், அழுத்தத்தை வேகமாக இறக்கும் நிபெடிபின் மருந்து கேப்சூலை ஊசியால் குத்தி நாக்குக்கடியில் சொட்டுவிடுவதும் இன்னும் நின்றபாடில்லை. எண்ணைக் கண்டு பயப்படுவது இயல்புதான். ஆனால் அந்த முதல் சில மணி நேரத்தில் ஏறி நிற்கும் அழுத்தம், பலருக்கு மூளையின் ஒரு பகுதியை உயிரோடு வைத்திருக்கும் அழுத்தம். ஏன் அப்படி என்பதை மூளை ரத்தக்குழாய் ஆராய்ச்சி தெளிவாகவே காட்டியிருக்கிறது. அது வாசகர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். நாம் படுத்தாலும் எழுந்தாலும், கோபப்பட்டாலும் தூங்கினாலும் பிபி மாறுகிறது, இந்த 50 மில்லி பெரிதாக மாறுவதில்லை. அழுத்தம் கூடினால் மூளையின் சிறு தமனிகள் தாமே சுருங்குகின்றன, குறைந்தால் தாமே விரிகின்றன. குழாயின் சுவர் இழுபடும்போது அதிலுள்ள தசைச் செல்களுக்குள் கால்சியம் புகுந்து அவற்றைச் சுருக்குவதே இதன் அடிப்படை. ரத்தக்குழாய்த் தசையின் இந்தக் குணத்தை 1902-லேயே இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் வில்லியம் பேலிஸ் எழுதிவிட்டார். ஆட்டோரெகுலேஷன் என்பார்கள், தமிழில் தற்சீராக்கம் எனலாம்.

இதற்கு ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் உண்டு. டென்மார்க்கின் நீல்ஸ் லாசன் 1959-ல் வரைந்த வளைகோட்டின்படி, சராசரி அழுத்தம் சுமார் 60 முதல் 150 வரை இருக்கும்வரை மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு சீராக இருக்கும். ரத்த அளவு சீராக நிற்கும் அந்த வரம்பு உண்மையில் அவ்வளவு அகலமல்ல என்று பிற்கால ஆய்வுகள் திருத்தின, அடிப்படை மாறவில்லை. சராசரி அழுத்தத்தைக் கணக்கிடுவது எளிது: மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணோடு கூட்ட வேண்டும். 120/80 என்றால் 93. 200/110 என்றால் 140.

பல ஆண்டு ரத்தக்கொதிப்பு இந்த எல்லைகளையே நகர்த்திவிடுகிறது. ஓயாத அழுத்தத்தைத் தாங்கத் தமனிச் சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது. பக்கவாதம் எளிதில் வரும்படி ஜப்பானில் உருவாக்கப்பட்ட எலி இனத்தை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பாம்பாக், ஹெய்ஸ்டாட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, சுவர் தடிப்பதோடு குழாயின் வெளிவிட்டமே சிறுத்துப்போவதைக் கண்டார்கள். இது ஒரு தற்காப்பு. பின்னாலுள்ள மெல்லிய தந்துகிகளை உயர் அழுத்தத்திலிருந்து அது காக்கிறது. ஆனால் அப்படித் தடித்த குழாயால், அழுத்தம் இறங்கும்போது போதிய அளவு விரிய முடியாது.

கோபன்ஹேகனில் ஸ்வென் ஸ்ட்ராண்ட்கார்ட் 1976-ல் வெளியிட்ட அளவீடுகள் இங்கே முக்கியம். அவர் மருந்தால் அழுத்தத்தை மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, எந்த இடத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் குறையத் தொடங்குகிறது என்று பார்த்தார். இயல்பான அழுத்தம் உள்ளவர்களிடம் அந்தக் கீழ் எல்லை சராசரியாக 73. கட்டுப்படாத கடும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களிடம் 113. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நோயாளியின் பிபியை 200/110-லிருந்து ‘நார்மல்’ என்று நாம் மகிழும் 130/80-க்கு இறக்கினால் சராசரி அழுத்தம் 97. ஆளுக்கு ஆள் எல்லை மாறும் என்றாலும், நீண்ட நாள் மருந்தில்லாமல் இருந்தவரின் மூளைக்கு 97 பற்றாக்குறையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதுகூட அடைப்பு இல்லாத மூளைக்குத்தான். ரத்தக்கட்டி ஒரு தமனியை அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடைப்பின் நடுவிலுள்ள திசு சில நிமிடங்களில் சாகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி, பக்கத்துச் சிறு குழாய்கள் வழியே கசிந்து வரும் கொஞ்ச ரத்தத்தில் செயலற்று, ஆனால் சாகாமல் காத்திருக்கிறது. அங்குள்ள குழாய்கள் ஏற்கெனவே முழுதும் விரிந்துவிட்டன, இனி விரிய இடமில்லை. எனவே அங்கே தற்சீராக்கம் கிடையாது. அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் ரத்தம். நாக்குக்கடியில் விட்ட நிபெடிபின், பெரும்பாலும் விழுங்கப்பட்டுக் குடலில் உறிஞ்சப்பட்டு, எவ்வளவு இறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத வகையில் அழுத்தத்தைச் சரிக்கும். இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று 1996-லேயே அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் எழுதப்பட்டுவிட்டது.

‘மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் பிபியை இறக்கத்தானே வேண்டும்?’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. கசிவு என்றால் விரைவாக, ஆனால் சீராக, மேல் எண்ணை 140-ஐ ஒட்டிக் கொண்டுவருவார்கள். சிக்கல் என்னவென்றால், அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. தலைவலியும் வாந்தியும் குறிப்புகள் மட்டுமே. சீனாவில் ஆம்புலன்ஸிலேயே 2404 நோயாளிகளை வைத்து நடத்தி 2024-ல் வெளியான இன்டராக்ட்-4 ஆய்வு இதையே சோதித்தது. வழியிலேயே ஊசி போட்டு அழுத்தத்தை இறக்கியதில் கசிவு நோயாளிகளுக்கு நன்மை, அடைப்பு நோயாளிகளுக்குத் தீமை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்தத்தில் பயன் இல்லை என்றானது. கவனிக்க வேண்டியது, அது ஆம்புலன்ஸில், அளந்து போட்ட ஊசி. வீட்டில் கொடுக்கும் மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

சிடி ஸ்கேனில் அடைப்புதான் என்று தெரிந்து, கட்டியைக் கரைக்கும் மருந்தோ கருவி வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சையோ கொடுக்கப்போவதில்லை என்றால், வேறு அவசரக் காரணம் இல்லாதவரை 220/120 வரை அழுத்தத்தைத் தொடாமல் விடுவதே மருத்துவ வழிகாட்டுதல். 4.5 மணி நேரத்துக்குள் வந்து கரைக்கும் மருந்து கொடுப்பதானால் முதலில் 185/110-க்குக் கீழே இறக்குவார்கள். அழுத்தம் அதைத் தாண்டி இருக்கும்போது அந்த மருந்து ஏறினால் மூளைக்குள் கசியும் ஆபத்து உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைத் தாளில் எழுதுங்கள். தூங்கி எழுந்தபோது கண்டது என்றால், படுக்கப்போன நேரம். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் பையில் போடுங்கள், ரத்தத்தை இளக்கும் மருந்து இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரை பாருங்கள், தாழ்சர்க்கரையும் பக்கவாதம்போல வரும். தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம், விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பிரினும் ஸ்கேனுக்குப் பிறகுதான். 108-ஐ அழைக்கும்போதே பக்கவாதம் என்று சொல்லி, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியால் நேரம்தான் வீண்.

இதைப் படித்துவிட்டு யாரும் அன்றாட பிபி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதில் எங்களுக்கு மிகுந்த கவலை உண்டு. ஸ்ட்ராண்ட்கார்டின் அதே ஆய்வில், முன்பு கடும் கொதிப்பு இருந்து மருந்தால் கட்டுக்குள் வந்தவர்களிடம் கீழ் எல்லை 96. நகர்ந்த எல்லை கொஞ்சமாவது திரும்பி வரக்கூடும் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் அதற்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். ஒரு முறை பக்கவாதம் வந்து தேறியவர்களிடம் நடத்திய புரோகிரஸ் ஆய்வில், அழுத்தத்தைத் தொடர்ந்து குறைத்ததால் மறுபடி வருவது 28 சதவீதம் குறைந்தது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் பிபி மருந்தோடு வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும் அந்த நேரத்தில், ‘இது தினமும் சாப்பிட, வாய் கோணினால் கொடுக்க அல்ல’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல அவர்களுக்குச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும். முதியவர்களுக்கு உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் பிபி பார்க்கட்டும். மேல் எண் 20-க்குக் குறையாமல் இறங்கினால் மருந்தின் அளவை மருத்துவர் திரும்பப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மூளை நரம்பியல் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
மதுரை.