பொம்பளப் புள்ளைங்க நிக்க மாட்டேங்குதுன்னு சொன்னியே தம்பி

தம்பி, சாப்ட்டியா. நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னது மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டே இருக்குய்யா. பொம்பளப் புள்ளைங்க ஆறு மாசம்கூட நிக்க மாட்டேங்குது, கல்யாணம் கொழந்தைன்னு போயிருதுங்க, அதான் பசங்களுக்கு ஆயிரத்தைநூறு கூடப் போடுறோம்னு சொன்ன. ஒரே நாள்ல சேந்தவங்க, ஒரே மாடி, அதே சேலைய விரிச்சுக் காட்டுற வேலதான. எறணாகுளத்துல எம்மகன் ஃப்ளோர் மேனேஜர்னு எஸ்டேட் லயம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன், நேத்து எனக்குச் சோறு எறங்கல.

ஒங்கப்பா மருந்தடிக்கப் போனா மதியமே வீட்டுக்கு வந்துருவாரு, நா சாயங்காலம் வரைக்கும் தேயிலக் கொழுந்து கிள்ளி நிறுவை முடிச்சு வர இருட்டிரும், நாள் கூலி ரெண்டு பேருக்கும் ஒண்ணு. நீ கைக்கொழந்தையா இருக்கப்ப பால் குடுக்க ஓடியாந்துட்டுப் போனா அன்னைக்குக் கிலோ கொறையும், காசும் கொறையும். எத்தனையோ தடவ விட்ரலாம்னு நெனச்சேன், வேலைய விட்டா லயத்து வீடும் போயிரும், அதுக்காகத்தான்யா நின்னேன். ஒங்கடைப் புள்ளைங்களுக்கு அந்தக் கட்டு இல்ல, போகுதுங்க.

2015 செப்டம்பர்ல பெம்பிளை ஒருமைன்னு தோட்டத்துப் பொம்பளைங்க நாங்களே சேந்து, போனஸும் கூலியும் கேட்டு மூணார் ரோட்டுல 9 நாள் ஒக்காந்தோம், யூனியன் ஆம்பளத் தலைவருங்கள கிட்ட விடல, அந்த 9 நாளும் நீதான தங்கச்சிக்குக் கஞ்சி வச்சுக் குடுத்த. 20 சதவீதம் போனஸ் கைக்கு வந்துச்சு, அடுத்த மாசம் நாள் கூலி 232ல இருந்து 301 ஆச்சு. அத மறந்துட்டியா?

ஒரே வேலைக்கு ஆம்பள பொம்பளைக்கு ஒரே சம்பளம்னு 1976லயே சட்டம் வந்துருச்சு. கடைல நிக்கிறவங்க ஒக்காரணும்னு கேரளத்துல 2018ல கொண்டாந்தாங்க, ஒங்க மாடில ஸ்டூல் கெடக்கா? 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கொழந்தைய விட எடம் வேணும், பேறுகால லீவு 26 வாரம், இது 2017லயே வந்துருச்சு. இதுல ஒண்ணும் குடுக்காம சம்பளத்தையும் கொறச்சா எந்தப் புள்ள நிக்கும், போறதுனால கொறைக்கிறோம்னு நீ சொல்ற, கொறைக்கிறதுனாலதான்யா போகுதுங்க.

அந்த மறையூர்ப் புள்ள எழுதிக் குடுத்த ராஜினாமா இன்னும் ஒங்கைலதான இருக்கு, அத மேல அனுப்பாத. மொதல்ல பொம்பளப் புள்ளைங்களுக்கும் அந்த ஆயிரத்தைநூற மொதலாளிட்ட கேளு, என்ன சொன்னாருன்னு ராத்திரி போன் போடு, முழிச்சிருப்பேன்.

அம்மா