படிக்காசு வந்த கதையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பில் சென்ற வாரம் 'கடன் தீர்க்கும் பதிகம்' என்று தலைப்பிட்டு, திருஞானசம்பந்தரின் 'வாசி தீரவே காசு நல்குவீர்' பதிகம் வந்திருந்தது. 48 நாள் விடாமல் சொன்னால் பணம் வரும் என்று கட்டம் கட்டி ஒரு குறிப்பு வேறு. நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வாரம் ஒருமுறை திருமுறைக் குழுவில் உட்கார்ந்து பாடுகிறவனும்கூட. அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காசு எதற்காகக் கேட்கப்பட்டது என்று உங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. பெரியபுராணம் சொல்வது இது. திருவீழிமிழலையில் பஞ்சம். அடியார்கள் பட்டினி கிடக்கக்கூடாதென்று இறைவன் சம்பந்தருக்கும் அப்பருக்கும் தினம் ஒவ்வொரு காசு தருகிறார்; அதுதான் படிக்காசு. இருவர் மடத்திலும் அதைக்கொண்டுதான் உலை வைக்கிறார்கள். ஆனால் சம்பந்தர் மடத்தில் மட்டும் பந்தி போட நேரமாகிறது. விசாரித்தால், அவர் பெற்ற காசுக்குக் கடைக்காரர்கள் வாசி, அதாவது வட்டம் (காசை மாற்றும்போது மதிப்பில் கழிக்கும் தொகை), பிடிக்கிறார்களாம். அப்பர் காசு அப்படியே செல்கிறதாம். அப்பர் உழவாரம் (கோயிலில் புல் செதுக்கும் கருவி) பிடித்துக் கைத்தொண்டு செய்கிறவர், அதனால் அவருக்கு வாசியில்லாக் காசு என்று சேக்கிழாரே காரணமும் சொல்கிறார். (ஆயுள் முழுக்க நோட்டு எண்ணிய எனக்கு இந்த இடம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். சாமி கொடுத்த காசுக்கே வட்டம்!) அடியார்களுக்குச் சோறு தாமதமாகக்கூடாது என்றுதான் சம்பந்தர் இந்தப் பதிகத்தைப் பாடுகிறார். வந்த காசெல்லாம் அடுத்தவர் இலைக்குத்தான் போனது.

கடன்பட்டவர் இதைப் பாடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கஷ்டம் வந்தால் கடவுளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? பாட்டுக்குப் பலன் சொல்வதும் புதிதல்ல. கோளறு பதிகத்தின் கடைசிப் பாட்டில் சம்பந்தரே 'அரசாள்வர் ஆணை நமதே' என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் நீங்கள் போட்ட பதிகத்தின் பதினோராம் பாட்டைப் பாருங்கள். காழி சம்பந்தன் மிழலைமேல் பாடிய மொழிகள் இவை என்பதோடு முடிகிறது. பலன் என்று எதுவும் அதில் இல்லை. 48 நாள் கணக்கு நீங்களாகச் சேர்த்தது.

எங்கள் குழுவும் ஒன்றும் உசத்தியில்லை. மார்கழியில் திருப்பாவையின் 'தீக்குறளை சென்றோதோம்', அதாவது யாரைப் பற்றியும் கோள் சொல்ல மாட்டோம், என்று உருகிப் பாடுவோம். செருப்பு மாட்டும் இடத்திலேயே யாருடைய மருமகளைப் பற்றியாவது பேச்சு தொடங்கிவிடும். ஆனாலும் பொருள் தெரிந்து பாடியவர்களில் ஓரிருவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள், அதையும் பார்க்கிறேன். 'நன்னெறிக்கு உய்ப்பது' என்று நமச்சிவாயப் பதிகம் சொல்வதை நான் அந்த அளவுக்காவது நம்புகிறேன். எத்தனை முறை சொன்னோம் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தால் பாட்டில் மனம் எங்கே நிற்கும்?

ஒரு வேண்டுகோள். இனி எந்தப் பதிகம் போட்டாலும் அது எங்கே, எதற்காகப் பாடப்பட்டது என்று நான்கு வரி சேருங்கள். அப்புறம், சென்ற வாரம் முதல் மூன்று பாட்டோடு நிறுத்திவிட்டீர்கள். ஒவ்வொன்றும் நாலு குட்டி அடிதான். பதினொன்றும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற காசாளர் ஒருவர்